சுன்னத்துக்குப் பிறகு முன்தோலை மீட்பது: கத்தியில்லாத வழிமுறைகள்

சுன்னத்தில் வெட்டி எடுத்த தோல் திரும்ப முளைக்காது. ஆனால் மிச்சம் இருக்கும் தோலை ஆண்டுக்கணக்கில் மெல்ல இழுத்துப் பிடித்துப் பழக்கினால் அது வளரும். ஆண்குறியின் முனையான மொட்டை மூடும் அளவுக்கு நீளவும் செய்யும். இதற்கு அறுவை சிகிச்சையோ மருந்தோ தேவையில்லை. இரண்டு கைகளும் கொஞ்சம் பிளாஸ்டரும் நிறையப் பொறுமையும் போதும். அவசரப்பட்டுப் பலமாக இழுப்பவருக்கு இதில் புண்ணும் தழும்பும் வரும். எனவே கீழே வரும் ஒவ்வொரு முறையையும் "மெல்ல, தினமும், வலிக்காமல்" என்ற ஒரே கட்டுப்பாட்டோடு படிக்கவும்.

இது வளர்ந்த ஆண்களுக்கானது. உடல் வளர்ச்சி முடியாத வயதில் தொடங்க வேண்டாம்.

இரண்டாயிரம் ஆண்டு பழைய முயற்சி

கி.மு. 175 வாக்கில் யாசோன் யூதர்களின் தலைமைக் குருவானபோது எருசலேமில் கிரேக்க பாணி உடற்பயிற்சிக்கூடம் வந்தது. அங்கே ஆடையில்லாமல்தான் பயிற்சி. மொட்டு வெளியே தெரிவதைக் கிரேக்கர்கள் அநாகரிகமாகப் பார்த்தார்கள். அதனால் சில யூத ஆண்கள் விருத்தசேதனத்தின் (சுன்னத்தின்) அடையாளத்தை மறைத்துக்கொண்டார்கள். மக்கபேயர் முதல் நூல் இதைக் கடுமையாகக் கண்டிக்கிறது. விருத்தசேதனம் பெற்றவர் அதை மாற்ற முயல வேண்டாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதிலிருந்தே, அந்தக் காலத்தில் இது தெரிந்த பழக்கமாக இருந்தது விளங்கும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான செல்சஸ் தன் மருத்துவ நூலில் இதற்கான அறுவையை விவரித்தார். மொட்டின் விளிம்புக்குப் பின்னால் தோலை வெட்டி விடுவித்து, முன்னால் இழுத்து, ஆறும்வரை திரும்ப ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அவர் சொன்ன வழி. கத்தியில்லாத வழியும் இருந்தது: குழாய் வடிவ எடை ஒன்றைத் தோலில் மாட்டித் தொங்கவிடுவது. இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் யூத மதகுருக்களான ரபிகள் உள்தோலையும் கிழித்து அகற்றுவதைக் கட்டாயமாக்கியதற்கு இந்த மீட்பு முயற்சிகளே காரணம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. அதன் பிறகு இழுக்க மிச்சமிருந்த தோல் குறைந்துவிட்டது.

நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூத ஆண்கள் சிலர் உயிர் பிழைப்பதற்காக மீட்பு அறுவையைத் தேடிப் போனார்கள். இன்று நாம் பார்க்கும் பிளாஸ்டரும் எலாஸ்டிக்கும் கொண்ட முறை 1980களில் அமெரிக்காவில் உருவானது. குழந்தைப் பருவத்தில் சுன்னத்து செய்யப்பட்ட ஆண்கள் தங்களுக்குள் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டு அதை வளர்த்தெடுத்தார்கள். 1989இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நார்ம் என்ற அமைப்பு இதற்கான உதவிக் குழுக்களை நடத்தியது.

தோல் ஏன் வளர்கிறது

தோலை இழுத்து விட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும். இழுத்த நிலையிலேயே நீண்ட நேரம் வைத்தால், அந்த விசையைத் தோலின் செல்கள் உணர்ந்து பிரிந்து பெருகத் தொடங்கும். புதிய தோல் சேரும். கர்ப்பத்தில் வயிற்றுத் தோல் பெருகுவதும் இப்படித்தான். பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். 1957இல் சார்ல்ஸ் நியூமன் என்ற டாக்டர் காதை மறுபடி அமைப்பதற்காகத் தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்து மெல்ல ஊதித் தோலை வளர்த்தார். இன்று மார்பகத்தைத் திரும்ப அமைக்கவும் தீக்காயத் தழும்பை மாற்றவும் அந்த வழி பயன்படுகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. வளர்ச்சியைத் தருவது இழுப்பின் பலத்தைவிட இழுப்பு நீடிக்கும் நேரம்தான். ஒரு கிலோவை ஐந்து நிமிடம் தொங்கவிட்டால் புண்தான் மிஞ்சும். அதே தோல் இருநூறு கிராம் இழுப்பில் ஐந்து மணி நேரம் இருந்தால் வளரும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

மொட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தண்டைச் சுற்றி ஒரு தழும்பு வளையம் தெரியும். நிறம் மாறும் கோடாகவும் இருக்கலாம். அந்தக் கோட்டுக்கும் மொட்டுக்கும் இடையில் இருப்பது உள்தோலின் மிச்சம். கொஞ்சம் வழவழப்பாக, வேறு நிறத்தில் இருக்கும். கோட்டுக்குக் கீழே அடிவரை இருப்பது வெளித்தோல். உள்தோல் எவ்வளவு மிச்சம், தளர்வு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். விறைத்த நிலையில் தண்டின் நடுத்தோலை இரண்டு விரலால் கிள்ளி நகர்த்திப் பாருங்கள். அரை சென்டிமீட்டர்கூட நகரவில்லை என்றால் இறுக்கமான சுன்னத்து; கையால் மட்டுமே தொடங்க வேண்டும், பிளாஸ்டர் ஒட்ட இன்னும் இடமில்லை.

மொட்டுக்கும் தண்டுத் தோலுக்கும் நடுவே பாலம் போல ஒட்டிய தோல் இருந்தால் முதலில் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைத் திட்டுகளும் தோல் இறுக்கமும் இருந்தாலும் அப்படியே. அது லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம், இழுத்தால் மோசமாகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், அந்த இடத்தில் புண்ணோ தொற்றோ உள்ளவர்கள், அண்மையில்தான் சுன்னத்து செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

முன்னேற்றத்தை அளக்க நல்ல வழி மாதம் ஒரு புகைப்படம். தளர்ந்த நிலையில் நீளம் குளிருக்கும் வெப்பத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். எனவே வெந்நீர்க் குளியல் முடிந்து ஐந்து நிமிடம் கழித்து, எப்போதும் ஒரே கோணத்தில் எடுங்கள். தினமும் அளந்து பார்ப்பவர் மனம் சோர்ந்துதான் போவார். இந்த வேலையில் ஈடுபட்டவர்கள் மூடலை 1 முதல் 10 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். 1 என்றால் தளர்வே இல்லை. நடு எண்களில் மொட்டின் ஒரு பகுதி மூடியிருக்கும். 10 என்றால் தாராளமான முழு மூடல்.

கையால் இழுப்பது

எல்லோரும் இதிலிருந்தே தொடங்கலாம். செலவில்லை, ஆபத்தும் குறைவு. தோலுக்கு எவ்வளவு இழுப்பு தாங்கும் என்று விரல்களுக்குப் பழகுவதும் இங்கேதான்.

தளர்வு குறைவாக இருந்தால்: உறுப்பு தளர்ந்திருக்கும்போது, ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மொட்டின் விளிம்புக்கு உடனே பின்னால் தோலைப் பிடியுங்கள். இன்னொரு கையால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே பிடியுங்கள். இரண்டு கைகளையும் எதிரெதிராக மெல்ல விலக்கி 20 முதல் 30 விநாடி பிடித்து வைத்து, விட்டு, பத்து விநாடி ஓய்வு. மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கமும் இதைச் செய்ய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஒரு நாளில் நான்கைந்து முறை இப்படிச் செய்தால் போதும். ஒரே மூச்சில் அரை மணி நேரம் இழுப்பதைவிட இடைவெளி விட்டுச் செய்வது நல்லது.

தளர்வு வந்தபின்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கித் தழும்புக் கோட்டைச் சுற்றிப் பிடித்து, தோலை மொட்டின் மேல் முன்னோக்கி இழுங்கள். இன்னொரு கையின் உள்ளங்கையால் அடியில், இடுப்பெலும்பை ஒட்டித் தோலை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது கை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் விதைப்பையின் தோலும் முடி முளைத்த அடித்தோலும் சேர்ந்து முன்னால் ஏறிவரும். நீங்கள் வளர்க்க நினைத்த தோலுக்கு இழுப்பே போய்ச் சேராது.

விரல் வழுக்கினால் எண்ணெயோ கிரீமோ துடைத்து, மெல்லிய பருத்தித் துணியை இடையில் வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விறைப்பு வந்தால் நிறுத்திவிட்டு அடங்கும்வரை காத்திருங்கள். விறைத்தபோது தோல் ஏற்கெனவே இழுபட்டிருக்கும், அதன் மேல் கூடுதலாக இழுத்தால் தழும்புக் கோட்டில் விரிசல் விழும்.

இழுப்பு சரியா என்று எப்படித் தெரியும்? இழுக்கும்போது இறுக்கம் தெரிய வேண்டும், எரிச்சலோ குத்தலோ கூடாது. விட்ட ஐந்து நிமிடத்தில் எந்த உணர்வும் மிஞ்சக் கூடாது. மறுநாள் காலை தொட்டால் நோகிறது என்றால் முந்தைய நாள் அளவு மீறியிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு நாள் விட்டுவிட்டுப் பாதிப் பலத்தோடு திரும்பத் தொடங்குங்கள்.

எந்தத் தோல் வளர வேண்டும்

பிடிக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் தோலுக்கு மட்டுமே இழுப்பு கிடைக்கும். பலர் இதைக் கவனிக்காமல் வெளித்தோலை மட்டும் வளர்த்துவிட்டு, பின்பு முடி மொட்டுவரை வந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள். உள்தோல் குறைவாக இருப்பவர் ஒரு பிடியை மொட்டின் விளிம்பிலும் மறு பிடியைச் சரியாகத் தழும்புக் கோட்டிலும் வைத்தால் உள்தோல் மட்டும் வளரும். வெளித்தோல் வேண்டுமானால் ஒன்று தழும்புக் கோட்டில், மற்றொன்று அடியில். மொட்டின் மேல் மடிந்து வரும்போது இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருந்தால்தான் தழும்புக் கோடு நுனிக்கு அருகே விழும்; பார்க்கவும் இயல்பாக இருக்கும், மொட்டைத் தொடும் பக்கமும் வழவழப்பான உள்தோலாக இருக்கும்.

மொட்டின் அடிப்பக்கத்தைத் தோலோடு இணைக்கும் நரம்புத்தோல் மிச்சம் இருந்தால் அதன் மேல் நேராகக் கிள்ளிப் பிடிக்காதீர்கள். மெலிந்த இடம், எளிதில் கிழியும், ரத்தம் நிறைய வரும்.

பிளாஸ்டரும் எலாஸ்டிக்கும்

தோலை முன்னால் இழுத்தால் மொட்டின் பாதியாவது மறையும் கட்டத்தில் பிளாஸ்டருக்குப் போகலாம். மருத்துவமனைகளில் பயன்படுத்தும் காகிதப் பிளாஸ்டர் அல்லது நுரைப் பிளாஸ்டர், இரண்டரை சென்டிமீட்டர் அகலம். துத்தநாகப் பிளாஸ்டரும் பொட்டலம் ஒட்டும் டேப்பும் வேண்டவே வேண்டாம். பிரிக்கும்போது மேல்தோல் கூடவே வரும்.

முதல் நாள் ஒரு சிறு துண்டை வெளித்தோலில் நான்கு மணி நேரம் ஒட்டி, சிவந்து அரிக்கிறதா என்று பாருங்கள். அரித்தால் வேறு வகைப் பிளாஸ்டருக்கு மாறுங்கள். ஒட்டும் இடத்து முடியைக் கத்தரியால் குறையுங்கள். பிளேடு போட்ட அன்று ஒட்டக் கூடாது. சாதாரண நீரில் கழுவி நன்றாக உலரவிடுங்கள்.

மொட்டின் மேல் ஒரு சிறு பஞ்சுத்துணி மடிப்பை வையுங்கள். தோலை முன்னால் கொண்டுவந்து, பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டையை மேலிருந்து கீழாகவும், இன்னொன்றை இடமிருந்து வலமாகவும், நுனியில் கூட்டல் குறிபோலக் குறுக்கே ஒட்டுங்கள். ஒவ்வொரு பட்டையின் இரண்டு நுனிகளும் தழும்புக் கோட்டுக்கு வெளியே, தண்டின் நீளவாக்கில் படிய வேண்டும். பிளாஸ்டரைத் தண்டைச் சுற்றி முழு வளையமாக ஒட்டாதீர்கள். விறைப்பு வந்தால் அந்த வளையம் ரத்த ஓட்டத்தை நெரித்துவிடும். சிறுநீர் கழிக்கும்போது பட்டைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நனைந்த பிளாஸ்டரோடு நாளெல்லாம் இருந்தால் தோல் ஊறிப் புண்ணாகும்.

முதல் சில வாரங்கள் இப்படி மூடிவைப்பதே போதுமான இழுப்பு. பின்பு பட்டைகள் சந்திக்கும் இடத்தில் ஒட்டாத ஒரு வால் விட்டு, அதில் கிளிப் மாட்டி, இரண்டு சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக்கை முழங்காலுக்குக் கீழோ தோளின் மேலோ கட்டலாம். காலில் கட்டினால் உட்காரும்போது ஓர் இழுப்பு, நிற்கும்போது வேறு இழுப்பு, நின்றுகொண்டு சரிசெய்யுங்கள். எலாஸ்டிக்கின் இழுப்பை ஒரு சிறிய சுருள்வில் தராசில் மாட்டி அளக்கலாம். 100 கிராமில் தொடங்கி, சில மாதங்களில் 200, 300 என்று ஏற்றினால் போதும். 500 கிராமுக்கு மேல் யாருக்கும் தேவையில்லை.

முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம் மட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி, எட்டு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை கழற்றி, நிறம் பார்த்து, பத்து நிமிடம் ஓய்வு விடுங்கள். தூங்கும்போது இழுப்பு எதுவும் வேண்டாம். ஆரோக்கியமான ஆணுக்கு ஓர் இரவில் பல முறை தானாக விறைப்பு வரும்; நெரிந்தாலும் தூக்கத்தில் தெரியாது.

பிரிக்கும்போது வெந்நீரில் ஊறவைத்து அல்லது ஓரத்தில் சமையல் எண்ணெய் தடவி, தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டரைச் சுருட்டி எடுங்கள். இந்தக் காரியத்தில் இழுப்பால் மட்டுமல்ல, பிளாஸ்டரைப் படக்கென்று உரிப்பதாலும் புண் வருகிறது.

கருவிகள்

பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகவே பெரும்பாலான கருவிகள் வந்தன. பரவலானது கூம்பு வகை: மணி வடிவ சிலிகான் துண்டு மொட்டின் மேல் உட்காரும், தோலை அதன் மேல் உருட்டி ஏற்றி, வெளியிலிருந்து இன்னொரு கூம்பு தோலைக் கவ்வும், எலாஸ்டிக் அதை இழுக்கும். டிஎல்சி டக்கர் இந்த வகையில் பெயர் பெற்றது. இரட்டை இழுப்பு வகையில் ஒரு தண்டு மொட்டைப் பின்னால் தள்ளும், கவ்வி தோலை முன்னால் இழுக்கும், வெளியே பட்டை தேவையில்லை. இதில் சிறுநீர்த் துளை அழுந்தி எரிச்சல் வருவது வழக்கம். அழுத்தத்தைக் குறைத்து, அகலமான மெத்தைத் துண்டு போடுங்கள். எடை வகையில் துருப்பிடிக்காத எஃகுக் குண்டைத் தோலுக்குள் பிளாஸ்டரால் நிறுத்துவார்கள். நிற்கும்போது மட்டுமே வேலை செய்யும். காற்றை ஊதி உள்ளிருந்து விரிக்கும் வகைகளும் உண்டு, அளவு மீறி ஊதினால் தோலுக்கடியில் நீர் கோர்த்துவிடும் என்பதால் புதியவர்களுக்கு ஏற்றவை அல்ல.

எதை வாங்கினாலும் மொட்டின் சுற்றளவுக்குப் பொருந்தும் அளவாகப் பாருங்கள். சிறியது வாங்கினால் தோல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிள்ளும். பெரியது வாங்கினால் வழுக்கி விழும். தினமும் சோப்பால் கழுவி உலரவையுங்கள்.

எங்கே தவறுகிறது

உள்தோல் வளையல்போல வீங்கினால் நிணநீர் தேங்கியிருக்கிறது; பிடி மிக இறுக்கம் அல்லது மிக நீண்ட நேரம். கழற்றிவிட்டால் சில மணி நேரத்தில் வடியும், வீக்கம் முழுவதும் போகும்வரை இழுக்காதீர்கள். குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் என்றால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்திருக்கின்றன. ஒரு வாரம் ஓய்வு. கொப்புளத்தைக் குத்தாமல் தானாக ஆறவிடுங்கள். தோல் நீலமாகவோ வெளிறியோ தெரிந்தால், தொட்டால் சில்லென்று இருந்தால், மரத்துப்போனால் அந்த நொடியே கழற்றுங்கள். கழற்றிப் பத்து நிமிடத்தில் நிறமும் சூடும் திரும்பவில்லை என்றாலோ, கருவி மாட்டிக்கொண்டு வரவில்லை என்றாலோ வெட்கப்படாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரு கட்டத்தில் வளர்ச்சி நின்றதுபோலத் தெரியும். தோல் களைத்திருக்கலாம். இரண்டு வாரம் முழு ஓய்வு விட்டுத் திரும்பினால் பலருக்கு மறுபடி நகர்கிறது. பலத்தைக் கூட்டுவது தவறான மருந்து.

எது வரும், எது வராது

முழு மூடலுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை ஆகலாம். இறுக்கமான சுன்னத்து என்றால் இன்னும் கூட. வருவது: மொட்டை மூடும் தோல், விறைத்த நிலையில் வழுக்கி நகரும் தளர்வு, உடை உரசாத பாதுகாப்பு. மூடியே இருப்பதால் மொட்டின் மேற்பரப்பு மென்மையும் பளபளப்பும் பெற்றதாகவும், உணர்வு கூடியதாகவும் பலர் சொல்கிறார்கள். இவை அவரவர் அனுபவச் சொற்கள். ஒப்பிட்டுச் சோதித்த பெரிய மருத்துவ ஆய்வு இதற்கு இல்லை.

வராதது: முன்தோலின் நுனியில் இருந்த வரிவரியான பட்டையும் அதிலிருந்த நரம்பு முனைகளும். வெட்டப்பட்ட நரம்புத்தோலும் வராது. புதிய நுனி பழையதைப்போலச் சுருங்கிக் குவியாமல் சற்று அகன்றே இருக்கும். சிலர் அதை மட்டும் சிறு அறுவையால் குறுக்கிக்கொள்கிறார்கள்; அப்படிச் செய்வதானால் மீட்பில் பழக்கமுள்ள சர்ஜனைத் தேடுங்கள்.

மூடிய பிறகு

நினைத்த நீளம் வந்த அன்றே நிறுத்திவிட்டால் தோல் கொஞ்சம் பின்வாங்கும். அதனால் நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்த்து, பிறகு சில மாதங்களில் இழுப்பு நேரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

இதுவரை தேவைப்படாத ஒரு பழக்கம் இப்போது வேண்டும்: தினமும் குளிக்கும்போது தோலைப் பின்னால் தள்ளி, வெறும் நீரில் மொட்டையும் உள்தோலையும் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, தோலை மறுபடி முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். பின்னால் தள்ளிய தோல் வீங்கி முன்னால் வர மறுத்தால் மொட்டைக் கையால் சில நிமிடம் அழுத்திப் பிடித்து வீக்கத்தைக் குறைத்து முயலுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.